மறு: ‘மீடியா சென்டர்’ என்பதற்குத் ‘திரைக்கூடம்’

ஐயா, வணக்கம். படம், பாட்டு, ஒளிப்படம் ஆகியவற்றைத் தொலைக்காட்சித் திரையில் தேர்ந்தெடுத்துப் பார்க்க உதவும் ‘மீடியா சென்டர்’ மென்பொருளுக்குத் ‘திரைக்கூடம்’ என்ற சொல்லை நான் முன்மொழிந்ததற்குத் தாங்கள் எழுதிய மறுமொழியை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ‘ஊடக மையம்’ போதும். நேரடியான சொல், எவருக்கும் புரியும்.

புரியுமா என்பதில்தான் எனக்கு ஐயம். சென்ற மாதம் அப்பாவுக்காகத் தொலைக்காட்சியின் பின்னால் ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை வைத்து, லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை நிறுவி, ‘கோடி’ (Kodi) என்ற மீடியா சென்டர் மென்பொருளை அமைத்துக் கொடுத்தேன். ரிமோட்டின் மேல் ‘ஊடக மையம்’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். “இதில் எந்தச் செய்திச் சேனல் வரும்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. ஊடகம் என்றால் இன்று தமிழில் செய்தித்தாளும் செய்தித் தொலைக்காட்சியும்தான். மையம் என்ற சொல்லோ தேர்வு மையம், பயிற்சி மையம் என்று ஒரு கட்டடத்தைக் கண்முன் நிறுத்துகிறது.

ஆங்கிலத்திலும் அந்தப் பெயர் மங்கிவிட்டது. 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பில் வந்த மீடியா சென்டரை, 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டராக வளர்ந்த மென்பொருள்தான் 2014இல் ‘கோடி’ ஆனது. அவர்களே விட்டுவிட்ட பெயரை நாம் ஏன் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டும்?

இன்னொரு இடர் இதைவிடப் பெரிது. ‘மீடியா சென்டர்’ என்ற ஒரே சொல் இருவேறு வகை மென்பொருள்களை மூடி மறைக்கிறது. ‘கோடி’ தொலைக்காட்சியோடு இணைந்த கணினியிலேயே இருந்து, வன்தட்டிலுள்ள படத்தைத் தானே எடுத்துத் தானே திரையில் காட்டும். ஜெல்லிஃபின் (Jellyfin) என்ற மென்பொருள் அப்படியன்று. 2018இல் எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலைப் பிறர் பார்க்க முடியாதபடி மூடியபோது அதிலிருந்து கிளைத்த கட்டற்ற மென்பொருள் அது. ஒரு மூலையிலுள்ள கணினியில் இருந்துகொண்டு கைப்பேசிக்கும் படுக்கையறைத் தொலைக்காட்சிக்கும் படத்தை அனுப்பும். பாதியில் நிறுத்திய இடத்தையும் நினைவில் வைத்திருக்கும். பெறும் கருவிக்கு அந்தக் கோப்பு வகை ஒத்துவராவிட்டால், உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும். அதற்குச் செயலியில் வலு வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் பழைய கணினியில் ஜெல்லிஃபினை நிறுவிவிட்டுப் படம் திக்கித் திணறுகிறது என்று வருந்துவோரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீடு, ஒரு திரை என்றால் ‘கோடி’ போதும். பல திரைகள் என்றால்தான் ஜெல்லிஃபின். பெயரே இதைச் சொல்லிவிட வேண்டாமா?

ஆகவே என் முன்மொழிவு: முதல் வகைக்குத் ‘திரைக்கூடம்’, இரண்டாவதற்கு ‘ஒளியொலி வழங்கி’. ‘சர்வர்’ என்பதற்கு வழங்கி ஏற்கெனவே நிலைபெற்ற சொல். கூடம் என்பது நம் வீடுகளில் எல்லாரும் கூடி அமரும் இடம். தொலைக்காட்சி இருப்பதும் அங்கேதான். திரையரங்கு என்பதோடு குழம்பாது. திரைக்கூடக் கணினி, திரைக்கூடத்தில் என்று வேற்றுமை உருபும் தொகையும் தடையின்றி ஏற்கிறது.

> பாட்டுக்கும் ஒளிப்படத்துக்கும் ‘திரை’ பொருந்துமா?

பொருந்தும். பாட்டையும் திரையில் பார்த்துத்தானே தேர்ந்தெடுக்கிறோம்.

மென்பொருளின் பட்டியில் (மெனு) உள்ள ‘லைப்ரரி’க்கு நூலகம் வேண்டாம், அதில் நூல் இல்லை. ‘படத்தொகுப்பு’ என்றாலோ திரைத்துறையில் எடிட்டிங். ‘படச் சேகரம்’, ‘பாட்டுச் சேகரம்’ என்று வைக்கலாம். கோப்பை வகை மாற்றி அனுப்புவதற்குக் (டிரான்ஸ்கோடிங்) ‘குறிமாற்றம்’ எனலாம்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “திரைக்கூடத்தை ஒளியொலி வழங்கியோடு இணைத்தால், வழங்கியின் படச் சேகரம் முழுவதும் திரைக்கூடத்தில் தெரியும்.” ‘கோடி’யில் ஜெல்லிஃபின் துணைநிரலை (ஆட்-ஆன்) சேர்த்தால் நடப்பது இதுவே. இதே வாக்கியத்தை ‘ஊடக மையம்’ என்ற ஒரே சொல்லை இருமுறை வைத்து எழுத முயன்றுவிட்டு, தங்கள் கருத்தைச் சொல்லுங்கள் ஐயா.