6 மி.மீ. அனியூரிசம்: ரத்த ஓட்டக் கணக்கீட்டை நம்பி ஆபரேஷனுக்குப் போகலாமா?

கோத்தகிரியான்: விவாதத்துக்கு இந்தக் கேஸை எடுத்துக்கொள்வோம். கோத்தகிரிக்காரர், வயது 55, பிரஷர் உண்டு. மூளையின் முன் இணைப்புத் தமனியில் 6 மி.மீ. வீக்கம் (அனியூரிசம், அதாவது தமனிச் சுவர் பலூன் போல உப்புவது), வெடிக்கவில்லை. சிடி ஆஞ்சியோ படத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டு, "சுவரில் ஷியர் ஸ்ட்ரெஸ் குறைவு, வெடிக்கும் ஆபத்து அதிகம்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஷியர் ஸ்ட்ரெஸ் என்றால் ஓடும் ரத்தம் சுவரை உரசும் விசை. இதை எவ்வளவு நம்பலாம்?

பாய்மம்: நம்பலாம் என்பேன். வெடிக்கும் ஆபத்தைக் கணிக்கும் ஃபேசஸ் (PHASES) ஸ்கோரில் இவருக்கு 5 புள்ளி (பிரஷர் 1, இடம் 4). ஐந்து ஆண்டில் வெடிக்கும் வாய்ப்பு 1.3%. 2014-ல் வந்த அந்த ஸ்கோரில் வீக்கத்தின் வடிவத்துக்கு இடமே இல்லை. வழவழப்பான உருண்டைக்கும் பக்கத்தில் மொட்டு முளைத்ததற்கும் ஒரே மார்க். அதன் அடிப்படையான ஆய்வுகளில் இந்திய நோயாளிகளும் கிடையாது. வெடித்துவிட்டால் கோவை வரை மலை இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. கூடுதல் தகவலை ஏன் ஒதுக்க வேண்டும்?

கதிர்ப்படம்: பாதை தொலைவு என்பதால் வெடித்தபின் ஆபத்து கூடும், உண்மை. ஆனால் தவறான ரிப்போர்ட் அதனால் சரியாகிவிடாது. சிடியில் ஸ்லைஸ் 0.6 மி.மீ., இந்தத் தமனியின் விட்டமோ ஏறக்குறைய 1.5 மி.மீ. குறுக்கே இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். ஓட்ட அளவு மாறாமல் இருந்தால் ஷியர் ஸ்ட்ரெஸ் ஆரத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதம். த்ரெஷோல்டை (படத்தில் தமனியின் விளிம்பைத் தீர்மானிக்கும் வரம்பை) நகர்த்தி விட்டத்தை 10% குறைத்தால் தமனிச் சுவரில் விடை 37% ஏறும். சிடியில் வீக்கத்தின் கழுத்தும் உண்மையைவிட அகலமாகத் தெரியலாம். உள்ளே பாயும் ரத்தத் தாரையே மாறிவிடும்.

இன்னொன்று, இந்த இணைப்புத் தமனிக்கு இடது, வலது இரண்டு ஏ1 தமனிகளிலிருந்தும் (மூளையின் முன் தமனிகளின் தொடக்கப் பகுதி) ரத்தம் வரும். மாடலில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

பாய்மம்: ஏ1 விஷயத்தில் மறுப்பில்லை. மற்றவை செய்முறைக் கோளாறுகள், திருத்த முடியும். தலையைச் சுற்றிச் சுழன்று எடுக்கும் 3டி ரொட்டேஷனல் ஆஞ்சியோ எடுங்கள். டாப்ளரிலோ ஃபேஸ் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐயிலோ இவருடைய ஓட்டத்தை அளந்து உள்ளே கொடுங்கள். மெஷ் (கணக்குக்காகப் பிரிக்கும் கட்டங்கள்) 0.1–0.2 மி.மீ., சுவரோரம் மெல்லிய அடுக்குகள். இன்னும் நுணுக்கினாலும் விடை மாறக் கூடாது. மூன்று இதயத் துடிப்புக்கு ஓட்டிக் கடைசியை மட்டும் எடுங்கள். பாகுநிலைக்கு வழக்கமான 0.0035 பாஸ்கல்-வினாடியைப் போடாமல் இவருடைய ஹிமாடோக்ரிட்டிலிருந்து (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கணக்கிடுங்கள். ரத்தசோகை இருந்தால் அது இறங்கும்.

கதிர்ப்படம்: இவ்வளவும் செய்தாலும் விடைக்கு என்ன பொருள்? 2011-ல் ஒரு ஆய்வு, வெடித்தவற்றில் ஷியர் குறைவு என்றது. அதே ஆண்டு இன்னொன்று, வெடித்தவற்றில் உச்ச ஷியர் அதிகம் என்றது. இரண்டிலும் வெடித்தபின் எடுத்த படங்கள். வெடிக்கும்போதே வடிவம் மாறியிருக்கலாம். சுவரின் தடிமன் வழக்கமான மாடல்களில் இல்லை, சுவரை விறைப்பாகவே வைக்கிறார்கள். "குறைவு, ஆகவே ஆபத்து" என்று ஒரே வரியில் எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

பாய்மம்: அந்த ஒரு வரி எனக்கும் உடன்பாடில்லை. தாய்த் தமனியோடு (வீக்கம் முளைத்த தமனி) ஒப்பிட்ட எண்ணையும், உள்ளீடுகளை மாற்றினால் அது எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்துத் தர வேண்டும். மொட்டு இருக்கும் இடத்தில் எண் நிலையாக நின்றால், நரம்பு அறுவை மருத்துவர் முன் அதை வைப்பது சரி என்பதில் மாற மாட்டேன்.

கதிர்ப்படம்: வையுங்கள், வடிவத்துக்கு அடுத்ததாக. அதற்குமுன் பிரஷர் கட்டுக்குள் வரட்டும், பீடி சிகரெட் இருந்தால் நிற்கட்டும். 6 முதல் 12 மாதத்தில் அதே மெஷினில், அதே செட்டிங்கில் மறுபடம். வளர்ந்திருந்தால் எந்தக் கணக்குக்கும் காத்திருக்கக் கூடாது.