புதுப்பிப்பு: உப்பு நீரில் அரித்த மக்னீசியத் துண்டும் அதிலிருந்த இரும்பும்

ஏஇசட்91 (மக்னீசியத்தோடு அலுமினியமும் துத்தநாகமும் கலந்தது) உலோகக்கலவையின் இரண்டு வார்ப்புத் துண்டுகளை 3.5% உப்பு நீரில் வைத்தபோது ஒன்று மட்டும் ஒரே நாளில் குழிகுழியாக அரித்துப்போனது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். உப்பின் அடர்த்தி மாறியிருக்கலாம் என்ற என் ஊகம் தவறு. பகுப்பாய்வின்படி, அரித்த துண்டில் இரும்பின் அளவு 0.005% என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது.

திட மக்னீசியத்தில் இரும்பு ஏறக்குறையக் கரைவதே இல்லை என்பதால், அது நுண்துகள்களாகப் பிரிந்து நின்று எதிர்மின்வாயாக (ஹைட்ரஜன் வெளிப்படும் முனையாக) செயல்பட, சுற்றியுள்ள மக்னீசியம் கரைகிறது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒரே புள்ளியிலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் இடைவிடாமல் எழுவதும், அதைச் சுற்றி வெண்ணிற ஹைட்ராக்சைடு படிவதும் தெளிவாகத் தெரிந்தன.

இரும்பின் அளவை மட்டும் பார்ப்பது போதாது என்பதே நான் கற்ற முக்கியமான செய்தி. உருகிய நிலையில் சேர்க்கப்படும் மாங்கனீசு, அலுமினியத்தோடும் இரும்போடும் இணைந்து கனமான சேர்மமாகி அடியில் படிகிறது. எஞ்சும் இரும்பின் தீங்கையும் குறைக்கிறது. ஆகவேதான் இக்கலவையில் இரும்பு–மாங்கனீசு விகிதம் 0.032-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். மாசாகக் கலந்தால், இரும்பைவிட நிக்கல் இன்னும் கொடியது. செம்பு சற்றுப் பொறுக்கத்தக்கது.

உலோகத்தை உருக்கப் பயன்படும் எஃகுக் கலமான மூசையிலிருந்து இரும்பு கலந்திருக்கலாம் என்று கருதுகிறேன். மேற்பரப்பை எஃகுத் தூரிகையால் தேய்த்தாலும் இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இனி அதைத் தவிர்த்தே சோதிக்கப் போகிறேன்.