லைவ் நடுவில் படம் நின்றுபோன அனுபவம்: உங்களுக்கு எது காலை வாரியது?

கோத்தகிரி, கல்யாண வீடியோ:

வணக்கம். 2020க்குப் பிறகு லைவ் கேட்காத கல்யாண வீடே இல்லை என்றாகிவிட்டது. போன மே மாதம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு உதவும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா துபாயில். உடம்பு சரியில்லை, வர முடியவில்லை. அவருக்காகத்தான் லைவே. காலை ஏழு மணிக்குப் பந்தலில் நின்று ஸ்பீடு பார்த்தேன். அப்லோடு 8 எம்பிபிஎஸ் காட்டியது. தைரியமாக ரெசல்யூஷன் 1080, பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) 6000 கேபிபிஎஸ், அதாவது 6 எம்பிபிஎஸ் என்று வைத்துவிட்டேன். பத்து மணி வரை படம் கண்ணாடி மாதிரி போனது. பதினொன்றுக்குப் போன் வர ஆரம்பித்தது: "அண்ணா, சுத்திக்கிட்டே இருக்குது."

மலர்க் கண்காட்சி சீசன். மலை முழுக்கக் கூட்டம், எல்லார் கையிலும் போன். காலையில் இருந்த 8 அப்போது 3-க்கு இறங்கியிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. பதற்றத்தில் என்கோடரை (படத்தைச் சுருக்கித் தரும் பகுதியை) மாற்றினேன், ரெசல்யூஷனை மாற்றினேன், லைவை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினேன். முக்கியமான பத்து நிமிடம் பெரியப்பாவுக்குக் கிடைக்கவே இல்லை. "பரவாயில்லை தம்பி, போட்டோ அனுப்பு" என்றார். திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

அதற்கப்புறம்தான் லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் ஜன்னலை ஒழுங்காகப் படிக்கக் கற்றேன். ஃப்ரேம் போவதை அது மூன்று கணக்காகக் காட்டும். ரெண்டரிங் ஏறினால் கிராஃபிக்ஸ் திணறுகிறது. என்கோடிங் ஏறினால் பெரும்பாலும் பிராசசர் திணறுகிறது. நெட்வொர்க் ஏறினால் லைன்தான். அன்று ஏறியது நெட்வொர்க் கணக்கு மட்டும். என்கோடரில் கை வைக்க வேலையே இல்லை, பிட்ரேட்டைக் குறைத்திருந்தால் போதும்.

இப்போது ஊருக்குள் 720, 30 ஃப்ரேம், 2500. முந்தின நாளே, அதே முகூர்த்த நேரத்தில் போய் அப்லோடு பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் பிட்ரேட் வைப்பதில்லை. போனை எதிர் மலை தெரியும் ஜன்னலில் வைத்து, ஹாட்ஸ்பாட் போடாமல் கேபிளில் லேப்டாப்புக்கு இழுக்கிறேன். லைன் நெருக்கடியில் பிட்ரேட்டைத் தானாக இறக்கும் வசதியும் ஓபிஎஸ்ஸில் இருக்கிறது, அதை டிக் செய்து விடுங்கள்.

இன்னொன்று, சாயங்கால மஞ்சு (மூடுபனி). வெளிச்சம் குறைந்ததும் கேமரா கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றும், படத்தில் புள்ளி புள்ளியாக மினுங்கும். என்கோடருக்கு அந்தப் புள்ளியும் அசைவுதான், இருக்கிற பிட்ரேட்டை அது தின்றுவிடும். அப்போது ஆட்டமும் தொடங்கி, வட்டமாக எல்லோரும் சுற்றினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. நான் இரண்டு எல்ஈடி பேனல் கூடுதலாக வைக்கிறேன். பிட்ரேட்டை ஏற்றாமலே படம் தெளிந்துவிட்டது.

பூம்பாறை:

அண்ணே, எனக்கு நடந்தது நேர் எதிர். லைன் அருமை, மெஷின் கவிழ்த்தது.

எங்கள் ஊர் குழந்தை வேலப்பர் கோயில் தேர். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக லைவ் போட்டேன். பூண்டு மூட்டை அடுக்கிய ஒரு திண்ணையில் லேப்டாப், உள்ளே வீட்டுக்காரரின் ஃபைபர். தேர் தெருவுக்குள் திரும்பும் நேரம் கரண்ட்டை நிறுத்தினார்கள். கம்பியில் தேர் படக்கூடாதே, எப்போதும் செய்வதுதான். ரவுட்டர் அந்த வீட்டு இன்வெர்ட்டரில் இருந்ததால் தப்பியது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியது. அவ்வளவுதான், தேர் ஒரு அடி நகர்ந்தால் படத்தில் மூன்று அடி தாவுகிறது!

லைன் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டேன், இருந்ததும் போச்சு. பிறகு ரெக்கார்டிங்கைப் பார்த்தால் அதிலும் அதே தாவல். ரெக்கார்டிங்குக்கு நெட் எதற்கு? அங்கேதான் புத்தியில் பட்டது. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, நான் வைத்திருந்த எக்ஸ்264 என்கோடர் முழுக்க அந்தப் பிராசசரை நம்பித்தான் ஓடுகிறது.

இப்போது என்கோடிங்கை இன்டெல் சிப்பிலேயே அதற்கென்று தனியாக இருக்கும் குயிக்சிங்க்கிடம் கொடுத்துவிட்டேன். அதே பழைய லேப்டாப்தான், விசிறிச் சத்தமே அடங்கிவிட்டது. லேப்டாப்பையும் இன்வெர்ட்டரில் போடாமல் தேர்ப் பக்கம் போவதில்லை.

குன்னூர், ஆலய ஒலி-ஒளிக் குழு:

ஞாயிறு ஆராதனையை நான்தான் ஒளிபரப்புகிறேன். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்து பார்க்கிறார்கள். எனக்கு ஸ்டாட்ஸில் மூன்று கணக்கும் சுழியம், ஆனாலும் அவர்கள் போனில் சுற்றியது.

இரண்டு காரணம். கீஃப்ரேம் (முழுப் படமாகப் போகும் ஃப்ரேம்) இடைவெளியைத் தானியங்கியில் விட்டிருந்தேன். எக்ஸ்264 தன் போக்கில் 250 ஃப்ரேமுக்கு ஒன்று வரை போகும், 30 ஃப்ரேமில் அது எட்டு விநாடிக்கு மேல். யூடியூப் கேட்பது 2 விநாடி, 4-ஐத் தாண்டக் கூடாது. அடுத்தது, யூடியூபில் தாமதத்தை மிகக் குறைக்கும் அல்ட்ரா லோ லேட்டன்சி. அதைப் போட்டால் பார்ப்பவர் போனில் சேமித்து வைக்க நேரமே இருக்காது, லைன் கொஞ்சம் ஆடினாலும் நின்றுவிடும். பாட்டிக்கு ஜெபம் இருபது விநாடி தாமதமாக வந்தால் ஒன்றும் ஆகாது. நார்மலுக்கு மாற்றினேன், அடுத்த ஞாயிறு ஒரு போன்கூட வரவில்லை.

கோத்தகிரி, கல்யாண வீடியோ:

இப்போதுதான் திறந்து பார்த்தேன் அக்கா, என்னுடையதும் தானியங்கியில்தான் இருக்கிறது. 2 போட்டுவிட்டேன். இந்த ஞாயிறு அதே ஹட்டியில் பெரியப்பாவின் மகளுக்கே கல்யாணம். இந்த முறை அவரே வந்திருக்கிறார். ஆனால் சம்பந்தி வீட்டுப் பாட்டி பெங்களூரில் இருந்து பார்க்கப் போகிறார். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பந்தலில் இருப்பேன்.