வாடகைப் பணத்தில் நாணய ரோல் எடுத்துவிட்டேன், வங்கி திரும்ப வாங்க மறுக்கிறது

கேட்டவர்:
வணக்கம். இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. வங்கியில் தாளில் சுற்றித் தரும் நாணய ரோல்களைப் பிரித்துத் தேடினால் வெள்ளி நாணயம் கிடைக்கும் என்று வீடியோவில் பார்த்துவிட்டு, 500 டாலருக்கு ஒரு பெட்டி எடுத்தேன். எல்லாவற்றையும் பிரித்துக் கட்டிலில் கொட்டிவிட்டேன். இன்று பக்கத்துக் கிளையில் உதிரியாக வாங்க மாட்டோம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை வாடகை கட்ட வேண்டும். மூன்று நாணயம் மட்டும் நிறம் வேறு, ஆண்டு 1967. வெள்ளியா?

ஸ்கார்பரோவிலிருந்து (கனடா):
தம்பி, 1967 என்றால் வெள்ளிதான். பத்துச் சதமும் இருபத்தைந்து சதமும் 1966 வரை 80 சதவீதம் வெள்ளி. 1967இல் சிலது 80, சிலது 50. காந்தம் வைத்துப் பாரும், வெள்ளி ஒட்டாது. நான் வந்த முதல் பனிக்காலத்தில் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குக் குத்திக்காசு இல்லாமல், ஈரச் சப்பாத்தோடு கடை கடையாய் ஏறி இறங்கினேன். உம்மிடம் பெட்டி நிறைய இருக்கிறது, பயப்படாதேயும்.

டாலஸிலிருந்து:
தப்பு. 1964க்குப் பிறகு வெள்ளி கிடையாது, செலவு செய்துவிடுங்கள். காந்தமும் உதவாது, இங்கே சாதாரணச் சில்லறையே ஒட்டாது. வாடகைப் பணத்தை ஏன் தொட்டீர்கள்? நான் வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி (கடன் கட்டிய பதிவு) இல்லாததால் வீடு கிடைக்காமல் மூன்று மாதம் நண்பர் வீட்டு சோபாவில் படுத்தேன்.

இன்னொருவர்:
ஊரில் சில்லறை கொடுத்தால் கடைக்காரர் முகம் மலரும். இங்கே ரோல் கேட்டாலே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஒரு கிளையில் அரைமணி நேரம் நிற்க வைத்தார்கள்.

அக்கா ஒருவர்:
எந்த நாடு, எந்த நாணயம் என்று யாருமே கேட்கவில்லையே!

கேட்டவர்:
மன்னிக்கவும் அக்கா. அமெரிக்கா, ஒஹாயோ. கென்னடி தலை போட்ட அரை டாலர்.

அக்கா ஒருவர்:
அப்படியானால் மூன்றையும் தனியே எடுத்து வையுங்கள். பத்து சென்ட்டுக்கும் கால் டாலருக்கும்தான் 1964 கடைசி. அரை டாலரில் 1964 நாணயம் 90 சதவீதம் வெள்ளி, 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். சமையலறைத் தராசில் 11.5 கிராம் காட்டும், 1970க்குப் பிந்தியவையும் கிட்டத்தட்ட அதே எடை, 11.34தான், அதனால் விளிம்பையும் பாருங்கள். சாதாரண நாணயத்தில் செம்புக் கோடு பளிச்சென்று ஓடும், இதில் மங்கலாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 4.6 கிராம் வெள்ளி இருக்கிறது.

சரி, வாடகை. பெட்டியில் 1000 நாணயம். மூன்று போக 997, அதாவது 498.50 டாலர். ரோல் சுற்றும் தாளை வங்கியிலேயே கேளுங்கள், பல கிளைகளில் சும்மாவே தருவார்கள். இருபது இருபதாகச் சுற்றினால் 49 ரோல், மிச்சம் 17. உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்கே போய் டெபாசிட் செய்யுங்கள், முன்னதாக போன் செய்துவிட்டு. கடைகளில் இருக்கும் எண்ணும் மெஷினில் போடாதீர்கள், கட்டணம் பிடிக்கும். எதற்கும் வீட்டுக்காரருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

கேட்டவர்:
தாள் வாங்கி வந்துவிட்டேன் அக்கா. பன்னிரண்டு ரோல் முடிந்தது.