அடும்பை வீட்டில் வளர்த்தவர்களின் அனுபவங்கள்

கடற்கரை மணலில் படரும் கொடியான அடும்பின் விதைகள் மணல்மேட்டில் உதிர்ந்து கிடந்தன. அவற்றில் ஆறை எடுத்து வந்து தொட்டியில் ஊன்றி, மூன்று மாதம் நீர் தெளித்தும் ஒன்றும் முளைக்காததால், மக்கிப் போயிருக்கும் என்று மணலோடு குப்பைக்குழியில் கொட்டிவிட்டேன். தொட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஒரு விதை மட்டும் கையில் அகப்பட்டது. கூழாங்கல் போல் இறுகியிருந்த அதன் தோலை அரத்தால் உள்ளே வெண்மை தெரியும்வரை தேய்த்து நீரில் இட்டேன். மறுநாள் காலை அது பருத்து, தோல் வெடித்துக் கிடந்தது. அப்படியானால் மற்ற ஐந்தும் உயிரோடுதான் இருந்திருக்கின்றன. கடல்நீரில் நெடுநாள் மிதந்தாலும் கெடாத அந்தத் தோலின் உறுதியை நான் சாவு என்று எண்ணிவிட்டேன்.

———

மேலே எழுதியவர் விதைக்காக இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை, ஏனெனில் அடும்பு கணுதோறும் வேர்விடும் கொடி. இரண்டு கணுவுள்ள தண்டே போதும். நானும் அப்படித்தான் ஒரு முழம் வேண்டும் என்று கொடியைப் பற்றி இழுத்தேன். கணுக்கள் ஒவ்வொன்றாக வேரோடு பெயர்ந்து வர, அவை பிடித்து வைத்திருந்த மணல் சரிந்து என் காலடிக்கு வந்தது. தண்டு தோட்டத்தில் பிழைத்துக்கொண்டது என்றாலும், அந்தச் சரிவை இன்னும் மறக்க முடியவில்லை.

———

அந்தச் சரிவைக் கண்ட பிறகும் தண்டு வெட்டுவதை எப்படிப் பரிந்துரைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மேட்டைக் கட்டி நிறுத்துவதே அந்த வேர்கள்தாம். கொடி அருகிவிட்ட கரையில் ஒரு கணுவைக்கூடத் தொடக் கூடாது, ஏற்கெனவே வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குவதே முறை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் வளர்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் வெயில் படும் இடமும், நீர் தேங்காத மணலும் இருந்தால் போதும். உப்பைத் தாங்கும் செடி என்பதற்காக உப்புநீர் ஊற்ற வேண்டாம், அதற்கு நன்னீரே போதும். வேர் பிடிக்கும்வரை ஈரம் காத்து, பிறகு மணல் நன்றாகக் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். தொழுவுரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும். கொடி பல மீட்டர் ஓடும் என்பதால் மற்ற பாத்திகளின் ஓரத்தில் வைக்காதீர்கள்.

என் கொடியில் முதற்பூ விரிந்த அன்று, மாலையில் ஆற அமரப் பார்க்கலாம் என்று வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது சுருண்டு தொங்கியது. காலையில் விரிந்து அன்றே வாடும் பூ அது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அடுத்த மொட்டுக்காகப் பல நாள் விடியலில் எழுந்து காத்திருந்தேன்.