தாத்தா சதாபிஷேகம்: யார் போனில் எடுப்பது?

சுப்பையா தாத்தா குடும்பம் (வாட்ஸ்அப் குழு), வெள்ளி இரவு

மணி பெரியப்பா: எல்லோரும் பார்க்கவும். போட்டோகிராபர் இப்போதுதான் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வர முடியாதாம், வேறு முகூர்த்தம் ஒப்புக்கொண்டு விட்டாராம். முன்பணத்தைத் திருப்பித் தருகிறாராம்.

லலிதா பெரியம்மா: முன்பணம் வந்து என்ன செய்ய

கீதா அத்தை: அண்ணே, நாளன்றைக்கு விசேஷம். இப்போதா சொல்வார்?

கார்த்தி: திருக்கடையூரிலேயே யாராவது கிடைப்பார்கள் பெரியப்பா. ஐயரிடம் கேட்டுப் பாருங்கள்.

மணி பெரியப்பா: கேட்டாச்சு. ஞாயிறு அங்கே அறுபது, எழுபது, எண்பது என்று வரிசையாக விசேஷமாம். ஆள் கிடைத்தால் சொல்கிறேன் என்றார். நம்பி இருக்க முடியாது.

பிரியா பெங்களூர்: எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே அப்பா. நாமே எடுக்கலாம். தாத்தாவும் ஒவ்வொரு பேரன் பேத்தியோடும் தனித்தனியாக செல்ஃபி வேண்டும் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கீதா அத்தை: உன் நிச்சயதார்த்தத்தில் எடுத்த மாதிரியா?

தர்ஷினி: அம்மா

கீதா அத்தை: என்னடி அம்மா. 2019-ல் எடுத்தது. என் பாதிக் கன்னம் மட்டும் இருக்கிறது, அதுவும் அப்பளமாக விரிந்து. அதைத்தான் அண்ணன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

லலிதா பெரியம்மா: எல்லோரும் இருக்கிற படம் அது ஒன்றுதான் என்று மாட்டினோம் கீதா. வேறு காரணம் இல்லை.

கீதா அத்தை: எல்லோரும்.

சரவணன் மாமா: வேன் எத்தனை மணிக்கு?

பாலு சித்தப்பா: அக்கா, அது எடுத்தவர் குற்றமும் இல்லை, உன் கன்னத்தின் குற்றமும் இல்லை. முன்பக்க கேமராவில் இருப்பது அகலமாகப் பிடிக்கிற லென்ஸ். நடுவில் இருப்பவர் சரியாக வருவார், ஓரத்துக்குப் போகப் போக முகத்தை வெளிப்பக்கமாக இழுத்துவிடும். அதனால் குரூப் செல்ஃபி எடுக்கும்போது பெரியவர்கள் நடுவில், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் காலி இடம் விட வேண்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். இன்னொன்று தூரம். 2018-ல் அமெரிக்காவில் முகச் சீரமைப்பு மருத்துவ இதழ் ஒன்றில் கணக்குப் போட்டே காட்டினார்கள். 5 அடி தள்ளி எடுக்கிற படத்தைவிட 1 அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கையை மடக்கிக்கொண்டு எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். முழுக்கை நீட்டி எடுங்கள். ஸ்டிக் இருந்தால் இன்னும் நல்லது.

தர்ஷினி: நம் வீட்டு மூக்குக்கு 30 சதவீதம் கூடுதலா

பிரியா பெங்களூர்: தாத்தா மூக்கு தாங்காது

மணி பெரியப்பா: வேன் நாளை மதியம் 2 மணி. தில்லைநகரில் ஏறுபவர்கள் யார் யார்?

பாலு சித்தப்பா: மூக்கை விடுங்கள். முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு தர்ஷினி எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். “இது யாரு, கீதாவோட சிநேகிதியா?” என்று கேட்டார்கள். அம்மா தன் முகத்தையே அடையாளம் காணவில்லை. கன்னத்து மச்சம் போய்விட்டது, நெற்றிக் கோடு போய்விட்டது, எட்டுக்கல் பேசரியில் ஒரு கல்லைக்கூடத் தனியாகப் பார்க்க முடியவில்லை. பியூட்டி ஃபில்டர் செய்த வேலை. பல போன்களில் அது வாங்கும்போதே போட்டபடிதான் வருகிறது, நாம் போய் எடுத்தால்தான் உண்டு. அப்பாவுக்கும் அதே கதை. வெயிலில் நின்று உழைத்த கருப்பு நிறம், அதைப் போன் வெளுத்துத் தருகிறது. நமக்கு எதற்கு அது? 80 வயது முகத்தை 80 வயது முகமாகவே எடுத்துக் கொடுங்கள். எல்லோரும் இன்றைக்கே கேமராவைத் திறந்து, முன்பக்கம் திருப்பி, முகம் அல்லது மந்திரக்கோல் மாதிரி இருக்கிற குறியைத் தொட்டு, எல்லாவற்றையும் பூஜ்ஜியத்தில் வையுங்கள்.

தர்ஷினி: நான் வேண்டுமென்று போடவில்லை பாலு மாமா. தானாக இருந்தது. இப்போது எடுத்துவிட்டேன். அம்மாயியிடம் நானே போய் வேறு படம் எடுத்துக் காட்டுகிறேன்.

பாலு சித்தப்பா: உன்னைச் சொல்லவில்லை கண்ணு.

உமா சித்தி: என் போனில் அந்தக் குறியே இல்லை

பாலு சித்தப்பா: கீழே இருக்கிறேன். கொண்டு வா.

கார்த்தி: ஒரே வீட்டில் இருந்துகொண்டு குரூப்பில் பேசுகிறார்கள்

சரவணன் மாமா: கோயிலுக்குள் போன் விடுவார்களா? தடை போட்டார்களே.

மணி பெரியப்பா: ஆமாம், 2022 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு. திருச்செந்தூர் வழக்கில் வந்தது, தமிழ்நாட்டுக் கோயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

கீதா அத்தை: அது நல்லதுதான். போன தடவை எனக்கு முன்னால் நின்றவர் போனைத் தூக்கிப் பிடித்ததில் தீபாராதனையே பார்க்கவில்லை.

லலிதா பெரியம்மா: அப்போது சன்னிதியில் வேண்டாம். மண்டபத்தில் எடுத்தால் போதும். ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மணி பெரியப்பா: கேட்டுச் சொல்கிறேன்.

பாலு சித்தப்பா: மண்டபம் என்றதும் ஞாபகம் வந்தது. கலச நீர் ஊற்றி முடித்ததும் எல்லோர் கையிலும் தண்ணீர், சந்தனம், குங்குமம், எண்ணெய். அதே விரலோடு போனை எடுப்போம். முன்பக்க லென்ஸ் அவ்வளவு சின்னது, அதில் கொஞ்சம் சந்தனம் பட்டாலே படம் முழுக்க மங்கல், ட்யூப்லைட் கோடு கோடாக இழுக்கும். பழைய காட்டன் வேட்டித் துணியில் ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு எடுங்கள். அப்புறம் அப்பா வெள்ளைப் பட்டு கட்டியிருப்பார். அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். திரையில் அப்பா முகத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், பக்கத்தில் சின்ன சூரியன் வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் முகம் தெளியும். வேட்டி சற்று வெளுத்தாலும் பரவாயில்லை.

பிரியா பெங்களூர்: இது எனக்குத் தெரியாது சித்தப்பா. நன்றி.

பாலு சித்தப்பா: செல்ஃபி என்றால் ஏதோ நேற்று வந்தது என்று நினைக்கிறார்கள். 1839-லேயே பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் என்பவர் தங்கள் விளக்குக் கடைக்குப் பின்புறம் வெளிச்சத்தில் நின்று தன்னைத்தானே படம் எடுத்தார். இன்றைக்கும் இருக்கிறது அந்தப் படம். அவர் ஏன் கடைக்கு வெளியே வந்தார் என்றால்

கீதா அத்தை: பாலு, பிலடெல்பியா போகாதே. மண்டபத்தில் எங்கே நிற்பது, அதைச் சொல்.

பாலு சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன் அக்கா. வெளிச்சத்துக்காக வெளியே வந்தார். மண்டபத்து வாசலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் வாசலைப் பார்க்க வேண்டும். வெயிலிலும் இறங்க வேண்டாம், உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருப்பாக நிழல் விழும். வாசலுக்கு உள்ளே நாலடி தள்ளி, நிழலில், வெளியே பார்த்து. அவ்வளவுதான்.

கீதா அத்தை: இப்படி ரெண்டு வரியில் சொன்னால் புரிகிறது

கார்த்தி: தாத்தா எப்போதும் திரையில் தன்னைத்தான் பார்க்கிறார். எல்லாப் படத்திலும் கண் கீழே போகிறது. “லென்ஸைப் பாருங்க” என்றால் எது லென்ஸ் என்கிறார்.

உமா சித்தி: லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடு. “மாமா, பொட்டைப் பாருங்க” என்று சொன்னால் பார்த்துவிடுவார். நான் வீடியோ காலில் அப்படித்தான் செய்கிறேன்.

பாலு சித்தப்பா: இதை என்னிடம் சொல்லவே இல்லையே

உமா சித்தி: நீங்கள் எங்கே பேச விட்டீர்கள்

பிரியா பெங்களூர்: சித்தி 👏👏

தர்ஷினி: சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் செட்டிங்கில் போட்டுவிட்டு உள்ளங்கையைக் காட்டினால் அதுவே எடுத்துக்கொள்ளும். பட்டனைத் தேட வேண்டாம், படம் ஆடாது. மற்றவர்கள் பக்கவாட்டில் இருக்கிற ஒலி பட்டனை அழுத்துங்கள்.

சரவணன் மாமா: குரூப் படத்தில் நான் ஓரமாக நிற்கிறேன். எனக்கு முகம் இழுத்தாலும் பரவாயில்லை.

மணி பெரியப்பா: மாப்பிள்ளை ஓரத்தில் நிற்பதா? அதெல்லாம் வேண்டாம். நீங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில்.

கீதா அத்தை: அப்போது நான்?

லலிதா பெரியம்மா: நீ அம்மாவுக்குப் பக்கத்தில் கீதா. நான் ஓரத்தில் நிற்கிறேன்.

கீதா அத்தை: நீங்கள் ஏன் அண்ணி ஓரத்தில். மூத்த மருமகள். பின்னால் ஒரு வரிசை போட்டால் போகிறது.

பிரியா பெங்களூர்: ஹாலில் மாட்டப் போகிற படத்தை செல்ஃபியாக எடுக்கவே வேண்டாம். பின்பக்க கேமராதான் தெளிவு. போனை எங்காவது சாய்த்து வைத்து 10 வினாடி டைமர் போட்டால் எல்லோரும் நிற்கலாம். பேரன் பேத்தி படங்கள் மட்டும் செல்ஃபி.

பாலு சித்தப்பா: சரியாகச் சொன்னாய். பிரிண்ட் போடுகிற படத்தை இந்த குரூப்பில் சும்மா அனுப்பி, அதையே இறக்கி ஸ்டுடியோவில் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று போட்டு அனுப்புங்கள், முழு அளவில் வரும். எச்.டி. போட்டாலும் ஓரளவுக்குத்தான்.

தர்ஷினி: விசேஷம் முடிந்து தரங்கம்பாடி போகலாமா? பக்கம்தான். 1620-ல் டேன்காரர்கள் கட்டிய கோட்டை, முன்னாலேயே கடல்.

பிரியா பெங்களூர்: 🙋🙋

லலிதா பெரியம்மா: கடல் ஓரம் கல்லில் ஏறி நின்று செல்ஃபி எடுப்பதாக இருந்தால் யாரும் வர வேண்டாம்.

பாலு சித்தப்பா: அண்ணி சொல்வது சரி. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகம் முழுக்க செய்திகளில் வந்த செல்ஃபி சாவுகளை டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் திரட்டிப் பார்த்தார்கள். 259 பேர். அதிகம் இந்தியாவில். உலகக் கணக்கில் தண்ணீரில் மூழ்கியவர்கள்தான் முதலிடம். அலைக்கு முதுகைக் காட்டி, திரையையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்கிறார்கள். போவதாக இருந்தால் மணலில் நில்லுங்கள், கல்லில் வேண்டாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் போனால் கடல் பின்னால், சூரியன் மேற்கே, முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். காலையில் அதே இடத்தில் சூரியனும் பின்னால் போய்விடும், முகம் இருட்டு.

மணி பெரியப்பா: 5 மணிக்கெல்லாம் அங்கே நிற்க முடியாது. 4 மணிக்கு வேன் கிளம்பினால்தான் அப்பா அம்மா ராத்திரி நேரத்தோடு படுக்க முடியும்.

தர்ஷினி: மாமா ப்ளீஸ்

சரவணன் மாமா: டிரைவர் கூடுதல் வாடகை கேட்பார்

உமா சித்தி: புளியோதரை எத்தனை பேருக்கு? அதை முதலில் சொல்லுங்கள், அரிசி ஊறப்போட வேண்டும்.

லலிதா பெரியம்மா: புளியோதரைக்கு எதற்கு ஊறப்போடுவது உமா

உமா சித்தி: இட்லிக்கு அக்கா. ரெண்டும்.

மணி பெரியப்பா: ஐயர் இப்போது போன் செய்தார். ஒரு பையன் இருக்கிறானாம், காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வந்து எடுப்பானாம். என்ன சொல்வது?

கீதா அத்தை: சரி சொல்லுங்கள்

பிரியா பெங்களூர்: வேண்டாம் அப்பா, நாமே எடுக்கலாம்

பாலு சித்தப்பா: வந்தாலும் செல்ஃபி நம் போனில்தான். ஃபில்டரை எடுத்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

கார்த்தி: ✋

தர்ஷினி: ✋

சரவணன் மாமா: எனக்கு நாளை வேனில் பார்த்துத் தா பாலு

மணி பெரியப்பா: பையனுக்குக் காலையில் பதில் சொல்கிறேன். தரங்கம்பாடி அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தில்லைநகரில் யார் ஏறுகிறீர்கள் என்று இன்னும் யாருமே சொல்லவில்லை.