ரிசர்வ் சைட்டில் கட்டண பார்க்கிங்: கவுன்சிலரிடம் நாம் என்ன எழுதிக் கொடுப்பது?

லேஅவுட் வாசி
சேலத்தில் நம்ம லேஅவுட்டை ஒட்டின மெயின் ரோட்டுக் கடைக்காரர்கள் நம்ம வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனு கொடுத்திருக்காங்க. லேஅவுட்டுக்குள் பூங்காவுக்கென விட்ட 30 சென்ட் காலி இடத்தில் (ரிசர்வ் சைட்) பேவர் பிளாக் பதித்து, கட்டண வாகன நிறுத்தம் ஆக்கித் தரணும் என்பது கோரிக்கை. இரண்டு தரப்பையும் கேட்டபிறகே மாமன்றத்தில் பேசுவேன் என்று கவுன்சிலர் சொல்லியிருக்கார். பகுதி சபைக் கூட்டத்துக்கு (வார்டு மக்கள் கூட்டம்) முன்னாடி நம்ம தரப்பு எழுத்தில் போகணும். அது பூங்காவாகத்தான் இருக்கணும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவங்களும் இங்கேயே பேசிடலாம்.

மெயின்ரோடு வியாபாரி
வரைபடத்தில் பூங்கா, சரிங்க. தரையில் என்ன இருக்கு? சீமைக் கருவேல், இடிச்ச வீட்டுச் செங்கல், ராத்திரியில் யாரோ கொட்டிட்டுப் போற கோழிக்கழிவு. வாடிக்கையாளர் கார் மெயின் ரோட்டில் நின்னா அபராதம், உள் தெருவில் நின்னா வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. 30 சென்ட்டில் தாராளமா 80 கார் நிக்கும். மாநகராட்சிக்கும் வருமானம். சுத்தியும் மரம் வெச்சுட்டா பசுமையும் ஆச்சு. இதில் யாருக்கு நஷ்டம்?

வரைபடக்காரர்
80 நிற்காது சார். கணக்கைப் பார்த்துவிடுவோம்.

30 சென்ட் என்பது ஏறக்குறைய 1,214 சதுர மீட்டர். கட்டட விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். இதை வைத்து வகுத்தால்தான் 80, 90 என்று வரும். ஆனால் கார் உள்ளே வந்து திரும்பி நிற்க வேண்டும். எதிரெதிரே இரண்டு வரிசை என்றால் நடுவில் 6 மீட்டர் வழி வேண்டும். அப்போதே ஒரு காருக்கு 20 சதுர மீட்டர் ஆகிறது. வாசல், மூலைகள், கட்டணச் சாவடி எல்லாம் கழிந்தால் நடைமுறையில் 25 முதல் 28 வரை போகும். நீங்கள் சொல்கிற மர வரிசைக்குச் சுற்றிலும் ஒன்றரை மீட்டர் விட்டால் மிஞ்சுவது 35 காரை ஒட்டித்தான். மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை ஒன்றுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அத்தனை கார் வருகிறது. பூங்கா போய்விடும், நெரிசல் அப்படியே இருக்கும்.

மெயின்ரோடு வியாபாரி
காரை விடுங்க. எங்க வாடிக்கையாளரில் பெரும்பாலும் டூவீலர். அதுக்கு ஒரு மீட்டருக்கு 1.8 மீட்டர் போதும். வழியெல்லாம் சேர்த்து வண்டிக்கு 3 சதுர மீட்டர்னு வெச்சாலும் 300 வண்டிக்கு மேல நிக்கும். இதுக்கு என்ன சொல்றீங்க?

மூன்றாவது தெரு
கணக்கு சரிங்க, ஆனா ஆள் வரணுமே. மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் வர்றவங்க அஞ்சு நிமிஷ வேலைக்கு 200 மீட்டர் தள்ளி வண்டியை விட்டு, சீட்டு வாங்கி, வெயிலில் நடந்து வருவாங்களா? கடை வாசலில்தான் நிறுத்துவாங்க.

அதே நேரம் நம்ம தரப்பிலும் ஒண்ணைச் சொல்லணும். 30 அடி ரோடுன்னா சுமார் 9 மீட்டர். ரெண்டு பக்கமும் கார் நின்னா ஆளுக்கு 2 மீட்டர் போய் நடுவில் 5 மீட்டர்தான். அதிலும் வாசல் சாய்தளம், கேட்டுக்கு வெளியே பூந்தொட்டி. 108 வண்டி உள்ளே வந்துடும், எதிரே குப்பை வண்டி நின்னா ரெண்டும் மாட்டிக்கும். இந்தக் கார்களில் பாதி கடைக்கு வந்தவங்க கார் இல்லை. போர்டிகோவை அடைச்சு ரூம் கட்டி வாடகைக்கு விட்டுட்டு, காரை ரோட்டில் நிறுத்தற நம்ம வீட்டுக் கார்தான். கவுன்சிலர் முன்னாடி கடைக்காரரை மட்டும் குறை சொன்னா அவங்க இதைத்தான் முதல்ல கேப்பாங்க.

மெயின்ரோடு வியாபாரி
இதைச் சொன்னதுக்கு நன்றிங்க.

லேஅவுட் வாசி
ஒத்துக்கறேன். ஆனா சட்டப்படி அந்த இடத்தை மாத்த முடியுமா, முடியாதா? அது தெரியாம பேசிட்டே போறோம்.

வரைபடக்காரர்
லேஅவுட் போடும்போது நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை உள்ள நிலத்துக்கு மட்டும் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைக் கட்டலாம். 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இது இருக்கிறது. அதற்கு முந்தைய லேஅவுட்டுகளிலும் 10 சதவீதம் உண்டு. நம்முடையது சாலை போக 3 ஏக்கர், அதனால் 30 சென்ட். மனை வாங்கிய ஒவ்வொருவரும் கொடுத்த விலைக்குள் இந்த இடமும் அடங்கியிருக்கிறது.

பெங்களூரில் லேஅவுட் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை 1991ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கு. பூங்கா என்று ஒதுக்கியதை வேறொன்றாக்குவது அங்கு குடியிருப்பவர்களின் உரிமையைப் பறிப்பது என்பது தீர்ப்பின் சாரம்.

மெயின்ரோடு வியாபாரி
அது தனியாருக்குக் கொடுத்தது. நாங்க கேக்கறது மாநகராட்சியே நடத்தற பொது பார்க்கிங். ரெண்டும் ஒண்ணு ஆகுமா?

வரைபடக்காரர்
நல்ல கேள்வி. பொதுப் பயன்பாடு என்று ஒரு வாதம் வைக்கலாம்தான். ஆனால் தானப் பத்திரத்தில் பூங்காவுக்கு என்றே எழுதியிருந்தால் அந்த நோக்கம் இடத்தோடு சேர்ந்தே வருகிறது. 1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பட்டியலில் வெளியான பூங்காவை முன் அனுமதி இல்லாமல் வேறு உபயோகத்துக்கு எடுக்க முடியாது. மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் முடிந்துவிடும் காரியம் இல்லை. யாராவது ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் வேலை பாதியில் நிற்கும், பேவர் போட்ட பணமும் முடங்கும்.

நாம் உடனே பார்க்க வேண்டியது வேறு: அந்த இடம் இன்று யார் பெயரில் இருக்கிறது? 1994ல் சேலம் மாநகராட்சி ஆனபோது சூரமங்கலம் நகராட்சியும் சுற்றுப்பட்டு ஊராட்சிகளும் சேர்ந்தன. அதற்கு முன் போட்ட லேஅவுட்டுகளில் தானப் பத்திரம் பழைய ஊராட்சி பெயரில் இருக்கலாம், எழுதாமலே விட்டும் இருக்கலாம். பத்திரம் இருந்தும் நகர நில அளவைப் பதிவேட்டில் பெயர் மாறாமல் இருந்தால், லேஅவுட் போட்டவரின் வாரிசு அதை மனையாகப் பிரித்து விற்கும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் பூங்காவும் கிடையாது, பார்க்கிங்கும் கிடையாது.

அதனால் மூன்று காகிதம் வேண்டும். லேஅவுட் ஒப்புதல் வரைபடத்தின் நகல், அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வரைபடத்தை உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே சட்டத்தின் 19(1) பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு. "ஏன் பராமரிக்கவில்லை" என்று கேட்டால் அதற்குப் பதில் வராது, ஏனென்றால் அது ஆவணம் கேட்கிற கேள்வி இல்லை. "இந்த எண் ஒப்புதல் வரைபடத்தின் சான்றிட்ட நகல்" என்று கேளுங்கள்.

மண்ணும் மரமும்
சட்டத்தை அவர் சொல்லிட்டார். தண்ணியைப் பத்தி நான் சொல்றேன். சேர்வராயன் மலைச் சரிவில் விழற மழை நம்ம பக்கமாத்தான் இறங்குது. 1,214 சதுர மீட்டரில் ஒரே ராத்திரி 60 மில்லிமீட்டர் பெய்தா சுமார் 73,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரியில் பன்னிரண்டு லாரி. மண் தரையா இருந்தா பெரும்பகுதி உள்ளே இறங்கி சுத்தியிருக்கற போர்வெல்லுக்குப் போகும். பேவர் போட்டா இறங்காது. பேவருக்கு இடுக்கு இருக்கேன்னு சொல்வாங்க. ஆனா கார் நிக்கிற இடத்தில் 80 மில்லிமீட்டர் கல்லும், அடியில் கான்கிரீட் படுகையும் போடுவாங்க, அந்தப் படுகை தண்ணியை விடாது. மொத்தமும் மூணாவது தெருச் சாக்கடைக்குத்தான் ஓடும்.

மரம் சுத்தியும் வைக்கலாம்னு வியாபாரி அண்ணன் சொல்றார். ஒன்றரை மீட்டர் பட்டையில், ஒரு பக்கம் காம்பவுண்டு அஸ்திவாரம், மறுபக்கம் வண்டி ஏறி இறுகின மண். வேர் ஆழமாப் போகாது, மேலாகவே பரவிக் கல்லைத் தூக்கும். நாலு வருஷத்தில் கல்லு தூக்குதுன்னு சொல்லி மரத்தை வெட்டச் சொல்வாங்க. பொது இடத்து மரத்தை வெட்ட கலெக்டர் தலைமையிலான மாவட்ட பசுமைக் குழு அனுமதி வேணும்கிறதும் தனி.

பூங்காவா ஆக்கறதுக்குப் பெரிய செலவு வேண்டாம். முதல்ல கட்டட இடிபாட்டை எடுக்கணும். மேல ஒரு அடி மண்ணை மட்டும் கொட்டி மூடினா அடியில் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் இருந்து செடி மஞ்சளடிக்கும், அதனால இடிபாட்டை முழுசா அள்ளணும். கருவேலை வெட்டினா துளிர்க்கும், தூரோடு பிடுங்கணும். இறுகின தரையை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிளறணும். பிறகு 3 அடிக்கு 3 அடி குழி. புங்கன், வேம்பு, மகிழம், நாவல், இலுப்பை. நாவலை நடைபாதை ஓரத்தில் வேண்டாம், பழம் விழுந்து வழுக்கும். செம்மயிற்கொன்றை (குல்மோகர்) அழகுதான், ஆனா காத்துக்குக் கிளை முறியும். கோனோகார்ப்பஸ்ங்கற வெளிநாட்டு அலங்கார மரம் வேண்டவே வேண்டாம். முதல் ரெண்டு கோடைக்கு மரத்துக்கு வாரம் ரெண்டு தடவை 20 லிட்டர். அந்தத் தண்ணி யார் ஊத்துவாங்கன்னு பெயர் எழுதாம கன்றை வாங்காதீங்க. நட்ட கன்று சாகறது மார்ச், ஏப்ரலில்தான். மூக்கனேரி ஏரியில் தூர் வாரின மண்ணையே திட்டாக்கி மரம் வெச்சு வளர்த்த ஊர் இது, 30 சென்ட் நமக்குப் பெரிசில்லை.

மெயின்ரோடு வியாபாரி
எல்லாம் சரிங்க. பார்க்கிங் எங்கேன்னு யாரும் சொல்லலையே? பூங்காவைக் காப்பாத்திட்டு எங்களை ரோட்டில் விட்டுட்டா நான் மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன்.

வரைபடக்காரர்
நியாயம். மெயின் ரோட்டுப் புதிய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி வரைபடத்தில் அடித்தளத்திலோ தரைத்தளத்திலோ வாகன நிறுத்தம் காட்டியிருப்பார்கள். இன்று அதில் பல குடோன், ஜெனரேட்டர் அறை, ஒன்றில் டைலர் கடை. வரைபடத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கலாம். புது நிலமே வேண்டாம், இருக்கிற இடத்தைத் திறந்தால் போதும். பழைய சின்னக் கடைகளுக்கு அந்த வசதி கிடையாது என்பது உண்மை. அவர்களுக்கு உள் தெருவில் ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம் என்று நிறுத்தம் கேட்கலாம். 9 மீட்டரில் 7 மீட்டர் காலியாகக் கிடைக்கும். முனையிலிருந்து சில மீட்டருக்கு மஞ்சள் கோடு போட வேண்டும், அங்கே கார் நின்றால் திரும்புகிற வண்டிக்கு எதிரே வருவது தெரியாது.

மூன்றாவது தெரு
ஒரு பக்க நிறுத்தத்துக்கு நாங்க சம்மதம். எங்க சாய்தளத்தையும் பூந்தொட்டியையும் எடுக்கறதா மனுவிலேயே எழுதுங்க, அப்பத்தான் மதிப்பு.

மெயின்ரோடு வியாபாரி
குடோனைத் திறக்கச் சொன்னா எங்க சங்கத்திலேயே நாலு பேர் எதிர்ப்பாங்க. அதை நான் பேசறேன். ஆனா லோடு இறக்கற ஆட்டோ, மினி வேனுக்கு நேரம் வேணும். காலையில் கடை திறக்கறதுக்கு முன்னாடி 7லிருந்து 9 வரைக்கும் மெயின் ரோட்டிலேயே இறக்க விடணும். ஸ்கூல் வேன் நேரம்னு நீங்க ஆட்சேபிக்கக் கூடாது. பார்க்கிங் மனுவைத் திரும்ப வாங்கறதைப் பத்தி, மத்த கோரிக்கை எழுத்தில் வந்தபிறகு சொல்றேன்.

லேஅவுட் வாசி
ஸ்கூல் வேன் 8 மணிக்கு மேல்தான் வருது. 6லிருந்து 8 என்று எழுதறேன், அதுக்கு மேல வேணும்னா கூட்டத்தில் பேசிக்கலாம்.

மனுவைத் தனித்தனியா நாலா கொடுக்கப் போறேன். எல்லாத்தையும் ஒரே தாளில் எழுதினா அது எந்தப் பிரிவுக்குப் போறதுன்னு தெரியாம சுத்தும். ஒண்ணு, இடத்தை அளந்து கல் நட்டு, மாநகராட்சி பூங்கா என்று பலகை வைக்கணும். இது நில அளவைக்கு. ரெண்டு, இடிபாட்டை அள்ளணும், சுகாதாரப் பிரிவுக்கு. மூணு, அடித்தள வாகன நிறுத்தத்தை வரைபடத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும், நகரமைப்புப் பிரிவுக்கு. நாலு, ஒரு பக்க நிறுத்தமும் லோடு நேரமும், போக்குவரத்துக் காவலுக்கு. நாலுக்கும் கவுன்சிலருக்கு ஒரு நகல், மண்டல அலுவலகத்தில் தேதி போட்ட ஒப்புகை. நடைபாதைக்கும் வேலிக்கும் நமக்கு நாமே திட்டத்தில் கேக்கலாம், மூணில் ஒரு பங்கு நாம போடணும். வீட்டுக்கு எவ்வளவுன்னு மண்ணும் மரமும் மதிப்பீடு கொடுத்தா அடுத்த பதிவில் போடறேன்.

மண்ணும் மரமும்
வேலிக்கு முன்னாடி அளவு வேணும். சர்வேயர் கல் நடாம வேலி போட்டா பக்கத்து மனைக்காரரோட தகராறு வரும், வேலியைப் பிடுங்கி மறுபடியும் போடணும். கல் நட்ட அன்னிக்குச் சொல்லுங்க, டேப்போட வர்றேன்.